இடித்ததை மறுபடி கட்டியது சரிதான்

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் இருக்கும் மார்ட்டின் வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தபோது, கட்டடக் கலை படித்த நண்பர் ஒருவர், "அதில் பாதி 2007இல் கட்டினது, பழசே இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

டார்வின் மார்ட்டின் லார்கின் சோப்பு கம்பெனியில் சிறுவனாக வேலைக்குச் சேர்ந்து, அதன் பெரிய நிர்வாகிகளில் ஒருவராக உயர்ந்தவர். சின்ன வயதிலேயே அம்மா இறந்துபோக, குடும்பம் திசைக்கொருவராகப் பிரிந்தது. கையில் காசு சேர்ந்ததும், பிரிந்தவர்களை ஒரே மனையில் சேர்த்து வைக்க ஆசைப்பட்டார். புகழ்பெற்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட்டைக் கூப்பிட்டார். 1903இல் தொடங்கி, சில ஆண்டுகளில் ஒரு வளாகமே எழுந்தது. மார்ட்டினுக்கு ஒரு வீடு, அவருடைய சகோதரி குடும்பத்துக்கு ஒரு வீடு, வண்டிக்கொட்டகை, செடிகளுக்கு ஒரு கண்ணாடி மண்டபம். பெரிய வீட்டிலிருந்து அந்த மண்டபத்துக்குப் போக, சுமார் 100 அடி நீளத்துக்குத் தூண்கள் வரிசையாக நிற்கும் கூரை போட்ட நடைபாதை. பெர்கோலா என்பார்கள்.

ரைட் இதைக் கட்டியது பிரெய்ரி பாணியில். பிரெய்ரி என்றால் அமெரிக்காவின் நடுப்பகுதியில் கண்ணுக்கெட்டிய தூரம் விரியும் புல்வெளி. ரைட்டின் பிரெய்ரி பாணி வீடுகளும் அந்த நிலத்தைப் போலவே படுத்திருக்கும். தாழ்ந்த கூரை, வெளியே நன்றாக நீளும் இறவாரம், வரிசையாகச் சன்னல்கள், நடுவில் குளிர்காய நெருப்பு மூட்டும் கணப்பு. செங்கல்கூட நீளமாக, ஒல்லியாக இருக்கும். மார்ட்டின் வீட்டுக்குள்ளே, கிடைமட்டமாக ஓடும் காரை இடுக்குகளுக்கு மட்டும் பொன்வண்ணம் தீட்டினார்கள். கண் மேலே ஏறாது, சுவரோடு பக்கவாட்டில் நழுவிக்கொண்டே போகும். இதோடு கிட்டத்தட்ட 400 வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள், கதவுகள். 'உயிர் மரம்' என்று பேர் பெற்ற சன்னல் ஒன்றில் மட்டும் 750க்கும் மேற்பட்ட கண்ணாடித் துண்டுகள்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். அகலமான இறவாரம் வெளிச்சத்தைத் தடுக்கும். மார்ட்டினின் மனைவி இசபெல்லுக்கோ கண்பார்வை மங்கல், வீடு அவருக்கு இருட்டாகவே இருந்தது. பின்னால் எரீ ஏரிக் கரையில் ரைட் அவருக்காகக் கட்டிய கிரேகிளிஃப் வீடு வெளிச்சம் நிறைந்தது.

1929 பங்குச்சந்தைச் சரிவில் சொத்தெல்லாம் கரைந்தது. 1935இல் மார்ட்டின் இறந்தார், 1937இல் இசபெல் வீட்டை விட்டு வெளியேறினார். அப்புறம் 17 வருடம் ஆளில்லாமல் கிடந்தது. 1954இல் ஒரு கட்டடக் கலைஞர் வாங்கிக் குடியேறியதால்தான் பெரிய வீடு பிழைத்தது. ஆனால் 1960களின் தொடக்கத்தில் பெர்கோலா, கண்ணாடி மண்டபம், வண்டிக்கொட்டகை மூன்றையும் இடித்துவிட்டு அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்டினார்கள். சன்னல்களில் பல அருங்காட்சியகங்களுக்கும் தனியாருக்கும் போய்ச் சேர்ந்தன.

1992இல் வீட்டை மீட்பதற்கென்றே ஓர் அமைப்பு உருவானது. அவர்கள் அந்த அடுக்குமாடிகளை விலைக்கு வாங்கி இடித்தார்கள். 2007க்குள் மூன்று கட்டடங்களும் பழைய இடத்திலேயே எழுந்தன. கணப்பைச் சுற்றி, விஸ்டீரியா கொடி வடிவில் சிறு கண்ணாடித் துண்டுகளைப் பதித்துச் செய்திருந்த மொசைக் 2017இல்தான் திரும்ப வந்தது. மொத்தச் செலவு 5 கோடி டாலருக்கு மேல்.

சரி, நண்பர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய கட்டடங்களைப் பேணுவதற்கு 1964இல் எழுதப்பட்ட வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் மறுசீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது. நானும் அதை முழுமனதோடு ஏற்கிறேன். இல்லாத ஆவணத்தை மனதில் கற்பனை செய்து எழுப்பும் கோட்டையும் கோபுரமும் எனக்கும் ஆகாது. ஆனால் மார்ட்டின் கணக்கு வழக்கில் ஊறிய மனிதர். ரைட்டோடு நடந்த கடிதப் போக்குவரத்தை விடாமல் சேர்த்து வைத்தவர். கடிதங்கள் இருந்தன, வரைபடங்கள் இருந்தன, புகைப்படங்கள் இருந்தன. மறுபடி கட்டியவர்கள் சாசனம் போட்ட கோட்டைத் தாண்டவில்லை என்றே நினைக்கிறேன்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. அந்த வீட்டின் வாசலில் நின்று பாருங்கள். பார்வை கூடத்தைக் கடந்து, பெர்கோலாவின் தூண்களுக்கு நடுவே ஓடி, கடைசியில் கண்ணாடி மண்டபத்தில் செடிகளுக்கு நடுவே நிற்கும் சிறகு விரித்த வெற்றித் தெய்வத்தின் சிலையில் போய் நிற்கும். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய கிரேக்கச் சிலையான சமோத்ரேஸ் நைக்கியின் நகல் அது. ரைட் மொத்த மனையையும் அந்த ஒரு கோட்டின் மேல்தான் வைத்துக் கட்டினார். பெர்கோலா போனபோது அந்தக் கோடும் போய்விட்டது. எஞ்சியிருந்த சுவர்களை எவ்வளவு பத்திரமாகப் பேணினாலும், அந்தக் கோடு இல்லாமல் அதை ரைட் கட்டிய வீடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிதறிய குடும்பத்தைச் சேர்க்கக் கட்டிய வளாகத்தில், சேர்த்து வைக்கும் பாகத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் புதுப்பித்திருந்தால் அது எப்படி முழுமையாகும்?

நயாகரா பார்க்க வரும் நம்மவர்கள் பலர் பஃபலோ வழியாகத்தான் போகிறார்கள். அருவியிலிருந்து காரில் அரை மணி நேரம். ஒரு மதியத்தை ஒதுக்குங்கள். அடுத்த முறை அந்த நண்பரையும் அழைத்துப் போகப் போகிறேன். எதுவும் பேசாமல் முதலில் அந்த வாசலில் நிற்க வைத்துவிடுவேன்.