பெரிய காலிப்பர் வாங்குவதற்கு முன்னால்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கிற கரி ரேஸ் ட்ராக்குக்கு பைக் ஏற்றிக்கொண்டு போகிற தம்பிகள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, முன் ப்ரேக்குக்கு எந்த காலிப்பர் போடலாமுங்க?" என் பதில் எப்போதும் ஒன்றுதான். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரைப் பிறகு பார்க்கலாம். இப்போது உள்ளே இருக்கிற ப்ரேக் ஆயிலை எப்போது மாற்றினீர்கள்?

ஒரு கணக்குச் சொல்கிறேன். வண்டியும் ஆளும் சேர்ந்து 220 கிலோ. நேர்ப்பாதையில் 140-ல் வந்து வளைவுக்கு முன் 60-க்கு இறக்குகிறீர்கள். இரண்டரை, மூன்று வினாடி வேலை. அதில் பிறக்கிற வெப்பம், அரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கிட்டத்தட்ட கொதிக்க வைக்கப் போதும். பின் சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்க்கிற நேரம் அது, ஆகவே ஏறக்குறைய அத்தனையும் முன் டிஸ்க்குக்குத்தான் போகிறது. ஒரு சுற்றில் நாலைந்து தடவை இப்படி. டிஸ்க் காற்றில் ஆறிவிடும். டிஸ்க்கில் உரசுகிற பேட் வழியாக, அதைத் தள்ளுகிற பிஸ்டனுக்கும், பிஸ்டன் வழியாக ஆயிலுக்கும் போகிற சூடு லேசில் ஆறாது.

ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். காலிப்பருக்குள் ஆயில் கொதித்துக் குமிழி வந்துவிட்டால் லீவர் ஹேண்டில்பார் வரைக்கும் வரும், வண்டி நிற்காது. டாட் 4 (DOT 4) தரத்துப் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. அதே ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்து 3.7 சதவீதம் தண்ணீர் குடித்துவிட்டால் கொதிநிலை குறைந்தது 155 டிகிரி இருந்தால் போதும் என்பதுதான் அந்தத் தரத்தின் அளவு. டாட் 5.1-க்கு இது 260, 180. ரேஸுக்கென்று வருகிற ஆயில்கள் புதிதாக இருக்கையில் 300-ஐத் தாண்டும், ஆனால் அடிக்கடி மாற்றியாக வேண்டும். நம் பக்கம் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் செருப்பில்கூடப் பூஞ்சை பிடிக்கிறது. அந்த ஈரத்தில் மூடி திறந்த ஆயில் பாட்டிலை ஷெல்ஃபில் வைத்து அடுத்த மாதம் ஊற்றுவது பெரிய தப்பு. 250 மில்லி பாட்டிலாக வாங்குங்கள், திறந்த அன்றே வேலையை முடித்து மிச்சத்தை ஒதுக்கிவிடுங்கள். ட்ராக்கில் ஓடுகிற வண்டிக்கு மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை, அப்புறம் ஒவ்வொரு ரேஸ் வாரத்துக்கு முன்னாலும் ஒரு தடவை. பெயரில் ஏமாறவும் வேண்டாம்: டாட் 5 என்பது சிலிக்கான், டாட் 5.1 வேறு. டாட் 4 இருக்கிற இடத்தில் சிலிக்கானை ஊற்றவே கூடாது.

அடுத்தது ஹோஸ். ரப்பர் ஹோஸ் சூட்டில் கொஞ்சம் வீங்கும், நீங்கள் லீவரை இழுக்கிற தூரத்தில் ஒரு பங்கு அந்த வீக்கத்துக்கே போய்விடும். ஸ்டீல் பின்னல் ஹோஸ் போட்டால் லீவரில் வித்தியாசம் உடனே தெரியும். ஹோஸ் முனையை மாட்டுகிற பேஞ்ஜோ போல்ட் வாங்கும்போது மரையைப் பாருங்கள்: 10 மில்லி போல்ட்டில் 1.0 பிட்ச்சும் (மரை இடைவெளி) உண்டு, 1.25-உம் உண்டு. மாற்றிப் போட்டு முறுக்கினால் காலிப்பர் மரையே போய்விடும். செம்பு வாஷர் ஒவ்வொரு தடவையும் புதிது.

பேட் விஷயத்தில் என் கருத்து, ட்ராக்குக்கு சின்டர்டு, அதாவது உலோகத்தூளை அழுத்திச் சுட்டது. சூட்டிலும் பிடி குறையாது. ஆனால் அது உலோகம், சூட்டை ஆயில் பக்கம் அதிகமாகக் கடத்தும். நல்ல பேட் போட்டுவிட்டுப் பழைய ஆயிலில் ஓட்டுவது அதனால்தான் ஆபத்து. தேய்மானக் கோடு வரும் வரை காத்திருக்காதீர்கள். 2 மில்லி மிச்சம் இருக்கையிலேயே மாற்றுங்கள். பேட் மெலிய மெலியப் பிஸ்டனுக்குச் சூடு ஏறும். புது பேட் போட்டதும் 80-லிருந்து 20 வரை எட்டு, பத்து தடவை படிப்படியாக அழுத்தி இறக்குங்கள். சூடாக இருக்கும்போது முழுசாக நிறுத்திப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அந்த இடத்தில் பேட் டிஸ்க்கில் ஒட்டி, பிறகு லீவர் துடிக்கும். "டிஸ்க் பெண்ட் ஆயிடுச்சு" என்று கொண்டுவருவதில் பாதி இந்த ஒட்டல்தான். வளைவை அளக்கிற டயல் கேஜ் வைத்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதிலேயே பொறித்திருக்கும்.

லீவர் பக்கத்தில் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரில் பெரிசுதான் நல்லது என்று நினைப்பவர்கள் அதிகம். சிங்கிள் டிஸ்க் வண்டியில் 12.7 மில்லி போர் (உள்விட்டம்) உள்ளதைக் கழற்றி 16 போட்டால், லீவர் கல் மாதிரி இருக்கும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் லீவர் விகிதம் அதேயாக இருந்தால் அதே ப்ரேக்குக்கு விரலில் கிட்டத்தட்ட 60 சதவீதம் கூடுதல் பலம் வேண்டும். பத்தாவது சுற்றில் கை விட்டுப்போகும். 14 போட்டால் 21 சதவீதம் கூடும், சிலருக்கு அது பழகும். அதற்கு மேல் போவதென்றால் காலிப்பர் பிஸ்டன் பரப்பையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது விலை மலிந்த சிஎன்சி லீவர், அதாவது கம்ப்யூட்டர் மெஷினில் கடைந்த லீவர். பார்க்க அழகு. ஆனால் பிஸ்டனைத் தள்ளுகிற முனை அரை மில்லி நீளமாக இருந்தால் போதும், லீவரை விட்ட பிறகும் பிஸ்டன் முழுசாகத் திரும்பாது. மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்புகிற ஊசித்துளை மூடியே கிடக்கும். ஓட ஓட ஆயில் சூடாகி விரியும், போக வழியில்லை, ப்ரேக் தானாகப் பிடிக்க ஆரம்பிக்கும், அதனால் இன்னும் சூடாகும். முடிவில் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும். லீவரில் கொஞ்சமாவது வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். ஆயில் டப்பா மூடியைத் திறந்து லீவரை மெதுவாக அழுத்தும்போது ஆயிலில் சின்ன நெளிவு தெரிந்தால் துளை திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

புது பேட்டுக்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளுமுன் கழுவுங்கள். அழுக்கோடு தள்ளினால் சீல் கிழியும். சோப்புத் தண்ணீர், பழைய டூத் பிரஷ் போதும். மண்ணெண்ணெய், பெட்ரோல், சாதா கிரீஸ் எதுவும் வேண்டாம், சீல் ஊறிப் பெருத்துவிடும். ரப்பருக்கான சிவப்பு கிரீஸ் மட்டும், அதுவும் துளியூண்டு.

ஏர் எடுக்கும்போது, அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது, லீவரை அழுத்திப் பிடித்துக் காலிப்பர் நிப்பிளைத் திறந்து, ஆயில் வந்ததும் நிப்பிளை மூடி, அப்புறம்தான் லீவரை விடவேண்டும். வரிசை மாறினால் காற்று திரும்ப உள்ளே போகும். டப்பாவில் ஆயில் அடிமட்டத்துக்கு இறங்க விடாதீர்கள். எவ்வளவு எடுத்தும் லீவர் பஞ்சு மாதிரி இருந்தால், மாஸ்டர் சிலிண்டர் பேஞ்ஜோ போல்ட்டில் காற்று நிற்கும். மேட்டில் இருப்பது அதுதானே. லீவரை இழுத்துக் கட்டி ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் பாருங்கள். சக்கரம் பூட்டாமல் தடுக்கிற ஏபிஎஸ் உள்ள வண்டியானால் அதன் மாட்யூலுக்குள்ளும் காற்று நிற்கும். ட்ராக்குக்கென்றே வைத்திருக்கிற வண்டியில் ஏபிஎஸ்-ஐ எடுப்பது உங்கள் இஷ்டம். வாளையார் ரோட்டில் ஓட்டுகிற வண்டியில் கை வைக்காதீர்கள். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேல் கட்டாயம் என்று வைத்தது காரணமில்லாமல் இல்லை.

காலிப்பர் போல்ட்டை சர்வீஸ் புத்தகம் சொல்கிற டார்க் (முறுக்கு விசை) அளவில் முறுக்கி, கழன்றுவிடாமல் கம்பி போட்டுக் கட்டுங்கள். டிஸ்க்கை ப்ரேக் கிளீனரில் துடையுங்கள். கடைசியாக, சக்கரம் மாட்டியதும் பேட் டிஸ்க்கிலிருந்து விலகி நிற்கும், முதல் அழுத்தில் லீவர் காலியாகத்தான் வரும். கெட்டியாகும் வரை அழுத்திவிட்டு ஸ்டாண்டை எடுங்கள்.