தெரசா மே ஒப்பந்தத்தைக் கவிழ்த்தது யார்?

நண்பரே, "பிரெக்சிட்டே (பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவது) வேண்டாம் என்றவர்கள்தான் அப்போதைய பிரதமர் தெரசா மேயின் விலகல் ஒப்பந்தத்தைத் தோற்கடித்தார்கள், மக்களும் அவர்கள் பக்கம்தான் நின்றார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிக் கதைதான் இது.

2019 ஜனவரி 15 அன்று பிரிட்டன் நாடாளுமன்றத்தில் ஒப்பந்தம் 432-க்கு 202 என்று தோற்றது. எதிர்த்தவர்களில் 118 பேர் மேயின் சொந்தக் கட்சிக்காரர்கள். அதில் பெரும்பாலோர் போரிஸ் ஜான்சன், ஜேக்கப் ரீஸ்-மாக் மாதிரி விலகியே தீரவேண்டும் என்றவர்கள். வட அயர்லாந்து 'பேக்ஸ்டாப்' ஏற்பாடு (அயர்லாந்து எல்லையில் சோதனைச் சாவடிகள் வராமல் இருக்கத் தந்த உத்தரவாதம்) பிரிட்டனை ஐரோப்பாவோடு கட்டிப்போட்டுவிடும் என்பது அவர்கள் கோபம். அன்றிரவு முடிவு வந்ததும் நாடாளுமன்றத்துக்கு வெளியே நின்ற இரு தரப்புமே கைதட்டி ஆரவாரம் செய்தது. பாவம் அந்த அம்மா, இரண்டு பக்கமும் அடி.

மார்ச் 29 அன்று மூன்றாம் வாக்கெடுப்பு: 344-க்கு 286. ஜான்சனும் ரீஸ்-மாக்கும் அதற்குள் மனம் மாறி ஆதரித்துவிட்டார்கள். ஆனால் தீவிர விலகல்காரர்கள் 28 பேரும் வட அயர்லாந்தின் டியூபி (ஜனநாயக யூனியனிஸ்ட்) கட்சியின் 10 பேரும் அசையவில்லை. அந்த 38 பேர் மட்டும் பக்கம் மாறியிருந்தால் 324-க்கு 306 என்று நிறைவேறியிருக்கும். கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

விலகலையே ரத்து செய்யச் சொன்ன மனுவில் 60 லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது உண்மை. ஆனால் 2016 பொது வாக்கெடுப்பில் விலகலுக்கு வாக்களித்தவர்கள் 1.74 கோடி. மூன்றாம் வாக்கெடுப்பு நாளன்று நாடாளுமன்றச் சதுக்கத்தில் திரண்டு 'இன்னும் ஏன் வெளியேறவில்லை' என்று கொதித்ததும் மக்கள்தானே?