ஒரு குப்பி இடம் மாற எட்டு மாதம்

அல்சைமர் போன்ற நரம்புச் சிதைவு நோய்களுக்காகப் பல நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஆய்வுக் கூட்டமைப்புகள் பணம் இல்லாமல்தான் தவழ்கின்றன என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி. அப்படியொரு கூட்டமைப்பின் ஒருங்கிணைப்பு அலுவலகத்தில் சில ஆண்டுகள் இருந்தவன் நான். நிதி வந்து சேர்ந்த பிறகும் ஒரு குப்பி செல், கூட்டமைப்பின் உறுப்பு நிறுவனம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக எட்டு மாதம் ஆயிற்று. கண்டுபிடிப்பின் உரிமை யாருக்கு என்ற ஒற்றை வரிக்காக இரு பக்க வழக்கறிஞர்களும் மல்லுக்கு நின்றார்கள். அது முடிந்ததும் நெறிமுறைக் குழு பிடித்துக்கொண்டது: அந்த ஸ்டெம் செல்களை உருவாக்கத் தோல் மாதிரி தந்த நோயாளி தன் மரபணுத் தகவலை வெளி நிறுவனங்களோடு பகிரச் சம்மதித்தாரா? பழைய படிவத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. இதற்குள் நினைவு மங்கிவிட்டவரிடம் புதுச் சம்மதம் எப்படி வாங்குவது?

2018-இல் வெளியான ஸ்டெம்பேங்க் (StemBANCC) என்ற ஐரோப்பிய ஸ்டெம் செல் கூட்டமைப்பின் ஆய்வையும் கட்டுரையாளர் தொட்டிருக்கலாம். ஒரே செல் வரிசைகளை (ஒரே மூலத்திலிருந்து தொடர்ந்து வளர்க்கப்படும் செல்கள்), ஒரே செய்முறைப்படி, ஐந்து ஆய்வகங்களில் நியூரான்களாக, அதாவது நரம்புச் செல்களாக, வளர்த்தார்கள். முடிவுகள் வேறுபட்டதற்குப் பெரிய காரணம், எந்த ஆய்வகம் வளர்த்தது என்பதுதான்!

ஆகவே தரவைப் பகிருங்கள் என்று சுற்றறிக்கை விட்டால் போதாது. செல்லை எத்தனையாவது முறை பிரித்து வளர்த்தது, செல் வளர்ப்பைக் கெடுக்கும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்கான சோதனை எப்போது நடந்தது, செல் வளரும் ஊட்டத் திரவமான வளர்ப்பு ஊடகத்தின் தொகுதி எண் என்ன என்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரி குறித்துவைக்க ஓர் ஆள் வேண்டும். நிதி குறைந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுபவரும் அவர்தான். ஆய்வுக் கட்டுரையில் பெயரும் வராது.