இயன் ஹோம் என்றால் பில்போ மட்டும்தானா?
பிரிட்டிஷ் நடிகர் இயன் ஹோமைப் பற்றிய இந்தக் கட்டுரை அவரை 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களின் பில்போவாகவும் 'ஏலியன்' (1979) படத்தின் ரோபோவாகவும் மட்டுமே பேசுகிறது. சரி, பலருக்கு அறிமுகம் அப்படித்தான். ஆனால் மனிதர் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற பிரிட்டிஷ் நாடகக் குழுவில் வளர்ந்தவர். 1967-லேயே அமெரிக்க நாடக உலகின் டோனி விருது வாங்கியவர். 1976-ல் மேடை பயம் பிடித்துக்கொள்ள, ஒரு நாடகத்திலிருந்து பாதியில் விலகினார். அதன்பின் வெகுகாலம் மேடைப் பக்கம் அதிகம் போகவில்லை. நம்மைப் போன்ற சினிமா ரசிகர்களுக்கு அது லாபம்தான். 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்' (1981) படத்தின் ஓட்டப் பந்தயப் பயிற்சியாளர் முசபினி அந்த இடைவெளியில் வந்தவர். ஓட்டல் அறையில் தனியாக நின்று, தன் சீடன் ஜெயித்ததை அறிந்து தொப்பியைக் குத்திக் கிழிப்பாரே, அந்த ஒரு காட்சிக்கே ஆஸ்கர் கொடுத்திருக்கலாம். பரிந்துரையோடு நின்றுவிட்டது. அப்புறம் 1997-ல், 65 வயதில், லண்டன் நேஷனல் தியேட்டரில் ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனாக நின்று, பிரிட்டிஷ் நாடக உலகின் ஆலிவியர் விருதையும் தட்டிச் சென்றார். இதைக் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.