தொட்டி கட்டும் பணமும் மோட்டார் ஓடும் பணமும்

ஆற்றிலிருந்து எங்கள் பேரூராட்சிக்குப் புதிய குடிநீர்த் திட்டம் கொண்டுவருவதைப் பற்றி இரண்டு மாதமாக ஊரே பேசிக்கொண்டிருக்கிறது. திட்டம் வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. பணம் எங்கிருந்து வரும் என்பதில்தான் ஊர் மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. முழுப் பணத்தையும் அரசு மானியமாகத் தரும்வரை காத்திருக்கலாம் என்கிறார்கள் சிலர். வீட்டுக்கு வீடு வைப்புத்தொகை வாங்கி, மீதியைக் கடனாகப் பெற்று உடனே தொடங்க வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். இந்தத் தலைவலியே வேண்டாம், ஏதாவது ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடலாம் என்பது மூன்றாவது தரப்பு. இருபது ஆண்டுகளாகக் கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்ற முறையிலும், குழாயின் கடைசி முனையில் இருக்கும் தெருவில் குடியிருப்பவன் என்ற முறையிலும் என் கருத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

கடைசி முனைத் தெரு என்றால் என்ன என்பது மேலத்தெருவில் இருப்பவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. நான்கு நாட்களுக்கு ஒருமுறை, விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் திறந்துவிடுவார்கள். முதலில் குழாயிலிருந்து காற்றுதான் சீறிக்கொண்டு வரும். பிறகு செம்மண் கலங்கலாக ஒரு குடம் நிரம்பும்; அதைச் செடிக்கு ஊற்றிவிட்டு அடுத்த குடத்தை வைப்பதற்குள், மேலே உள்ள வீடுகளில் குழாயோடு நேராக இணைத்த மோட்டார்களைப் போட்டுவிடுவார்கள்; எங்கள் குழாயில் தாரை நூலாக மெலிந்து நின்றுவிடும். ஆழ்துளைக் கிணற்று நீரோ கடும் உப்பு. எங்கள் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகப் படிந்திருப்பதை என் அம்மா மாதம் ஒருமுறை புளி போட்டுத் தேய்த்தும் அது முழுதாகப் போவதில்லை. ஆகவே குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர்தான். இரண்டு நாளைக்கு ஒரு கேன், கேன் 30 ரூபாய் என்றால் மாதம் 450 ரூபாய். இந்த 450 ரூபாயை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இதற்கு முன்பு எங்கள் பகுதிக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி கட்டினார்கள். திறப்பு விழாவுக்கு வாழைமரம் கட்டியதும், பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தொட்டிக்கான பணம் முழுவதும் மேலிருந்து வந்தது. ஊரார் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. சில ஆண்டுகள் கழித்து ஒரு சித்திரை மாதத்தில் மோட்டார் எரிந்துபோனது. எரிந்த மோட்டாரின் கம்பிச்சுருளை மாற்றிக் கட்டக் கொடுக்கக் கையில் பணம் இல்லை, பொது நிதியிலிருந்து எடுக்கத் தீர்மானம் வேண்டும், தீர்மானத்துக்குக் கூட்டம் கூட வேண்டும் என்று மூன்று வாரம் ஓடியது. தொட்டி ஆபரேட்டர் அண்ணன் தினமும் சாவிக்கொத்தோடு வந்து, பூட்டிய மோட்டார் அறையின் முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போவார். கட்டுவதற்குப் பணம் கொடுக்க ஆள் உண்டு, ஓட்டுவதற்குப் பணம் கொடுக்க ஆள் இல்லை என்பதை அந்த மூன்று வாரத்தில்தான் நான் புரிந்துகொண்டேன். இப்போது ஊரில் நடக்கும் விவாதத்திலும் அதே ஓட்டை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. திட்டத்தைக் கட்டி முடிக்க யார் பணம் தருவது என்று மட்டுமே பேசுகிறோம்; ஐந்தாவது ஆண்டில் மின்கட்டணத்தை யார் கட்டுவது என்று ஒருவரும் கேட்பதில்லை.

மானியத்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை விடவே கூடாது. 2021 அக்டோபர் 1 அன்று நகரங்களின் குடிநீர், கழிவுநீர் வசதிகளுக்காக ஒன்றிய அரசு தொடங்கிய அம்ருத் 2.0 திட்டத்தின் விதிகளின்படி, ஒரு லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்குத் திட்டச் செலவில் பாதியை ஒன்றிய அரசு தரும் என்று வகுக்கப்பட்டது. ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை மூன்றில் ஒரு பங்குதான், அதற்கு மேற்பட்ட பெரிய நகரங்களுக்குக் கால் பங்குதான். அதாவது சிறிய ஊர்களுக்குத்தான் அதிகச் சலுகை. அந்தப் பணமும் ஒரே தவணையில் வராது. 20, 40, 40 விழுக்காடு என்று மூன்று தவணையாக வரும்; முதல் தவணைக்குப் பிந்தையவை வேலை நடந்திருப்பதைப் பார்த்துத்தான் வரும். மீதிப் பாதியை மாநில அரசும் உள்ளாட்சியும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆக, முழு மானியத்துக்காகக் காத்திருப்போம் என்பவர்கள் நடைமுறையில் இல்லாத ஒன்றுக்காகக் காத்திருக்கச் சொல்கிறார்கள். உள்ளாட்சியின் பங்கு என்று ஒன்று எப்போதும் மிஞ்சும். அந்தப் பங்கைக் காட்ட முடியாத ஊரின் கோப்பு அடியில் போய்விடும்.

இனி, நான் முக்கியமாகக் கருதும் ஓட்டும் செலவுக்கு வருகிறேன். எளிதாக விளங்க வேண்டும் என்பதற்காக 20 ஆயிரம் பேர், 5 ஆயிரம் வீடுகள் என்று முழு எண்களாக வைத்துக்கொள்கிறேன். பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் என்பது நெடுங்காலம் திட்டமிடும் அளவாக இருந்தது; இந்தக் கணக்குக்கு அதையே எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் நாளொன்றுக்கு 14 லட்சம் லிட்டர். ஆயிரம் லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் உயரம் ஏற்ற, இயற்பியல் கணக்குப்படி 0.27 யூனிட் மின்சாரம் போதும். பம்பிலும் மோட்டாரிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் ஏறத்தாழ 0.42 யூனிட் ஆகும். நாளொன்றுக்கு 590 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று கொண்டால் மாதம் ஏறத்தாழ 1 லட்சத்து 41 ஆயிரம் ரூபாய். வீட்டுக்கு 28 ரூபாய். ஆனால் குழாய்களில் நூற்றுக்கு 30 பங்கு கசிந்து போகிறது என்றால், அதே 14 லட்சம் லிட்டர் வீடுகளுக்குச் சேர 20 லட்சம் லிட்டர் ஏற்ற வேண்டியிருக்கும்; வீட்டுக்கு 28 ரூபாய் 40 ரூபாயாகிவிடும். மண்ணுக்குள் போகும் தண்ணீருக்கும் நாம்தான் மின்கட்டணம் கட்டுகிறோம் என்று நான் சொல்வது இதனால்தான். குளோரின், ஆபரேட்டர் சம்பளம், வால்வு மாற்றுவது, உடைப்பு அடைப்பது, மொத்தமாகத் தண்ணீர் வாங்கினால் குடிநீர் வாரியத்துக்குச் செலுத்துவது என்று இன்னும் 80 ரூபாயைத் தாராளமாகச் சேர்த்தாலும் வீட்டுக்கு மாதம் 120 ரூபாய். எங்கள் ஊரின் மேடு பள்ளத்துக்கும் குழாயின் நீளத்துக்கும் ஏற்ப இந்த எண்கள் மாறும். ஆனால் இப்படி ஒரு கணக்கைப் பொறியாளரை வைத்துப் போட்டு ஊருக்குக் காட்டாமல் எந்தத் தீர்மானமும் நிறைவேற்றக் கூடாது.

கடன் என்ற சொல்லைக் கேட்டதும் பதறுகிறவர்கள் இருக்கிறார்கள். சிறிய ஊர்களுக்கு யார் கடன் கொடுப்பார்கள், கொடுத்தால் எப்படி அடைப்பது என்ற அவர்களது அச்சம் நியாயமானது. இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பழைய விடை இருக்கிறது. 2002-இல், தனித்தனியாகச் சந்தைக்குப் போனால் ஒருவரும் திரும்பிப் பார்க்காத பத்துக்கும் மேற்பட்ட சிறு உள்ளாட்சிகளைச் சேர்த்து, குடிநீர் மற்றும் துப்புரவுக்கென ஒரு கூட்டு நிதியம் அமைத்து, 15 ஆண்டுக் கடன் பத்திரம் வெளியிட்டு, 9.2 விழுக்காடு வட்டியில் 30 கோடியே 41 லட்சம் ரூபாய் திரட்டினார்கள். உள்ளாட்சிகள் தவணைக்கான பணத்தை மாதந்தோறும் தனிக் கணக்கில் ஒதுக்கிவைக்க வேண்டும். ஒதுக்கத் தவறினால் மாநில அரசு அந்த உள்ளாட்சிக்குத் தரவேண்டிய நிதிப் பகிர்விலிருந்து பிடித்துக்கொள்ளலாம். அசலில் பாதிக்கு அமெரிக்க அரசின் மேம்பாட்டு முகமை உத்தரவாதம் தந்தது. முதலீட்டாளர்களுக்குத் துணிவு தந்தது இந்தப் பூட்டுகள்தான். ஒதுக்கி வைத்த பணத்தை வேறெதற்கும் தொட முடியாது என்ற உறுதி இருந்தால் சிறிய ஊரும் கடன் வாங்கலாம், அடைக்கவும் செய்யலாம்.

வைப்புத்தொகைக்கு ஆலந்தூரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அது குடிநீருக்காக அல்ல, பாதாளச் சாக்கடைக்காக; ஆனால் பணம் திரட்டிய முறையில் வேறுபாடில்லை. இன்று சென்னை மாநகராட்சிக்குள் இருக்கும் ஆலந்தூர் அப்போது தனி நகராட்சி. 1990-களின் இறுதியில், ஆர்.எஸ்.பாரதி நகர்மன்றத் தலைவராக இருந்த காலத்தில், வீடுகளுக்கு 5,000 ரூபாய், வணிக நிறுவனங்களுக்கு 10,000 ரூபாய் என்று வைப்புத்தொகை கேட்டார்கள். இணைப்பு வந்த பிறகு வீட்டுக்கு மாதம் 150 ரூபாய் கட்டணம். அன்றைய நிலையில் அது சிறிய தொகை அல்ல. சாக்கடைக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்ற பேச்சு அங்கேயும் இருந்திருக்கும். முதலில் மக்களிடம் கருத்துக் கணிப்பு நடத்தி, அவர்கள் எவ்வளவு தர முன்வருவார்கள் என்று கேட்டுவிட்டு, அதன் பிறகே தொகையை முடிவுசெய்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது. எங்கள் ஊரில் இதுவரை என் வீட்டுக் கதவைத் தட்டி ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை.

மேலே சொன்ன 5 ஆயிரம் வீடுகளும் 5,000 ரூபாய் கட்டினால் இரண்டரைக் கோடி ரூபாய் சேரும். ஊரின் பங்கு 4 கோடி என்று கொண்டால், முழுவதையும் 9 விழுக்காடு வட்டியில், ஆண்டுக்கு ஒரு தவணையாக அடைக்கும் 15 ஆண்டுக் கடனாக வாங்கினால், தவணைக்கென வீட்டுக்கு மாதம் 83 ரூபாய் ஒதுக்க வேண்டிவரும்; வைப்புத்தொகை போக மீதி ஒன்றரைக் கோடியை மட்டும் கடனாக வாங்கினால் 31 ரூபாய்தான். அந்த 31-ஐயும் ஓட்டும் செலவு 120-ஐயும் கூட்டினால் 151. கேனுக்கு நான் கொடுக்கும் 450-இல் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது. கேன் அடியோடு நிற்காமல் பாதியாகக் குறைந்தால்கூட எனக்கு மிச்சம்தான்.

எனக்கு மிச்சம் என்றுதான் சொல்கிறேன், எல்லோருக்கும் என்று சொல்லவில்லை. எங்கள் தெருமுனையில் பூ கட்டி விற்கும் அக்கா கேன் வாங்குவதில்லை. பொதுக் குழாயில் வருவதைப் பிடித்து, துணியில் வடிகட்டி, காய்ச்சிக் குடிக்கிறார். அவருக்கு 5,000 ரூபாய் என்பது இரண்டு மாத வாடகை. ‘தண்ணிக்கு அஞ்சாயிரமாமே தம்பி, பொதுக் கொழாய எடுத்துடுவாங்களா?’ என்று போன வாரம் என்னிடம் கேட்டபோது, எடுக்க மாட்டார்கள் என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியவில்லை. அந்த உறுதியைப் பேரூராட்சி மன்றம் தர வேண்டும். தீர்மானத்தில் எழுத்தாகவே தர வேண்டும். பொதுக் குழாய் இருக்க வேண்டும். வைப்புத்தொகையை மாதம் 200 ரூபாய் என்று இரண்டு ஆண்டுகளுக்குமேல் பரப்பிக் கட்ட வழி வேண்டும். ஓட்டு வீட்டுக்கும் மூன்று மாடிக் கட்டடத்துக்கும் ஒரே தொகை என்பதை நான் ஏற்கமாட்டேன்; திருமண மண்டபம், லாட்ஜ், உணவகம், பெரிய கடைகள் ஆகியவை கூடுதலாகத் தர வேண்டும். தண்ணீர் அடிப்படை உரிமை, அதற்கு ஏன் பணம் என்று கேட்கும் தோழர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் கட்டணமே இல்லாத குழாயில் தண்ணீர் வராதபோது வசதியுள்ளவன் கேன் வாங்கிவிடுகிறான், ஆழ்துளைக் கிணறு போட்டுவிடுகிறான். பூக்கார அக்காதான் வெறும் குடத்தோடு நிற்கிறார். இலவசம் என்று எழுதியிருக்கும் வறண்ட குழாயால் யாருடைய உரிமையும் காப்பாற்றப்படவில்லை.

தனியாரிடம் கொடுத்துவிடலாம் என்பவர்களுக்குத் திருப்பூரை நினைவுபடுத்துகிறேன். அங்கே அரசும் தொழில்துறையும் நிதி நிறுவனங்களும் சேர்ந்து ஒரு நிறுவனத்தை அமைத்து, ஏறத்தாழ 1,000 கோடி ரூபாய்ச் செலவில் நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். சாய ஆலைகள் அதிக விலை தரும், அந்த வருவாயில் வீடுகளுக்கும் கிராமங்களுக்கும் குறைந்த விலையில் தரலாம் என்பது கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் நொய்யல் ஆற்றில் கழிவு கலந்த வழக்கில் 2011-இல் உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டதும், அதிக விலை கொடுத்த வாடிக்கையாளர்கள் ஒரே வீச்சில் காணாமல் போனார்கள். நிறுவனம் கடன் சுமையில் தள்ளாடியது. அங்காவது ஆலைகள் இருந்தன. எங்கள் ஊரில் இரண்டு அரிசி ஆலையும் ஒரு மண்டபமும்தான் இருக்கின்றன. இங்கே வரும் நிறுவனம் தன் லாபத்தை எங்கள் வீட்டுக் குழாயிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

ஆகவே என் வாக்கு இரண்டாவது வழிக்குத்தான். ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. குடிநீர்க் கட்டணமும் வைப்புத்தொகையும் பேரூராட்சியின் பொதுக் கணக்கில் விழாமல் தனி வங்கிக் கணக்கில் விழ வேண்டும். அதிலிருந்து சாலைக்கோ விழாவுக்கோ ஒரு ரூபாயும் எடுக்கக் கூடாது. மோட்டார் எரிந்தால் மறுநாளே எடுத்துச் செலவிட ஒரு தொகை அதில் எப்போதும் இருக்க வேண்டும். செயல் அலுவலர் கூட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லாதபடி அதற்கு முன்கூட்டியே ஒப்புதல் தர வேண்டும். ஒவ்வொரு தொட்டியின் வெளிக்குழாயிலும் ஒரு மீட்டர் பொருத்தினால், தொட்டியிலிருந்து விட்டது எவ்வளவு என்று தெரிந்துவிடும்; வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்ததை அதோடு ஒப்பிட்டால் கசிந்தது எவ்வளவு என்பதும் தெரியும். வரவும் செலவும் நிலுவையும் மாதம் ஒருமுறை அலுவலக வாசலில் உள்ள கரும்பலகையில் எழுதப்பட வேண்டும். நிலுவைப் பட்டியலில் மன்ற உறுப்பினர்களின் வீடுகள் இருந்தால் அவையும் எழுதப்பட வேண்டும். மோட்டார் வைத்து உறிஞ்சும் இணைப்புகளைத் துண்டிப்பதற்கு இப்போதே துணியாதவர்கள் புதிய குழாய் பதித்த பிறகு துணிவார்கள் என்று நான் நம்பவில்லை. ஆகவே அதை வைப்புத்தொகை வாங்குவதற்கு முன்பே செய்துகாட்ட வேண்டும்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் இந்தப் பொருள் வரப்போவதாக எங்கள் வார்டு உறுப்பினர் சொன்னார். மேலே உள்ள கணக்கை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்திருக்கிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள், இந்த ஊரின் உண்மையான எண்களைப் போட்டுத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறேன். தனிக் கணக்கு தொடங்கி அதன் எண்ணைப் பலகையில் எழுதும் நாளில் என் 5,000 ரூபாயைக் கட்டிவிடுவேன். பூக்கார அக்காவின் முதல் ஆண்டுத் தவணையையும் நானே கட்டுவதாகச் சொன்னேன். வேண்டாம், மாதம் இருநூறு என்றால் அவரே கட்டிக்கொள்வாராம், ரசீது மட்டும் சரியாகக் கொடுக்கச் சொல் என்றார்.