65 என்றால் பெருமை, 64 என்றால் மோசடியா?

அந்த வெள்ளி நாணயத்தைச் சுற்றிச் சில நாள்களாக நடந்துவரும் கூத்து உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும் என்பதால், முழுக் கதையையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. எம்எஸ் 65 (புழங்காத நாணயங்களுக்கு 60 முதல் 70 வரை தரும் தர எண்களில் ஒன்று) என்று ஸ்லாபில், அதாவது தரம் மதிப்பிடும் கிரேடிங் நிறுவனம் மூடித் தந்த பிளாஸ்டிக் உறையில், இருந்ததை வாங்கியவர், 66 கிடைத்துவிடும் என்ற ஆசையில் உறையை உடைத்து மறுபடி கிரேடிங்குக்கு அனுப்பினார். 64 என்று திரும்பி வந்தது. நடந்தது இவ்வளவுதான். இதற்காக அதை விற்ற பெரியவரை மோசடிக்காரர் என்று ஊரறியப் பேசுவதற்கு எந்த நியாயமும் இல்லை என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

நாணயம் மாறியதா? இல்லை. கன்னத்தில் இருந்த அதே சிறு தழும்பு, அதே லஸ்டர் (அச்சிட்டபோது வந்த பளபளப்பு), அதே அச்சழுத்தம். பார்த்த கண்கள்தாம் வேறு. கிரேடு என்பது பயிற்சி பெற்றவர்களின் கருத்து. அதை அந்த நிறுவனங்களே தங்கள் விதிமுறைகளில் ஒப்புக்கொள்கின்றன. ஒரே நாணயத்தை ஒன்றுக்கு மேற்பட்டோர் தனித்தனியாகப் பார்த்து எண் தருவதும், மூத்தவர் ஒருவர் இறுதி முடிவு எடுப்பதும் அங்கே வழக்கம். பார்த்தவுடன் ஒரே எண்தான் வரும் என்றால், எதற்காக இத்தனை பேரை உட்காரவைத்திருக்கிறார்கள்? விடைத்தாள் மறுமதிப்பீட்டில் ஒரு மதிப்பெண் குறைந்துவிட்டால் மாணவன் காப்பியடித்தான் என்று யாராவது சொல்வார்களா?

இந்த எண்கள் வானத்திலிருந்து இறங்கியவை அல்ல. வில்லியம் ஷெல்டன் 1949இல் வெளியிட்ட 70 வரையிலான அளவுகோல், பழைய அமெரிக்கச் செப்பு சென்ட்டுகளின் விலையைக் கணக்கிடுவதற்காக உருவானது; அடிமட்ட நிலையில் உள்ள ஒன்றின் விலையைப்போல் எத்தனை மடங்கு பெறும் என்பதே அந்த எண்ணின் பொருள். சென்ட்டுகளின் விலை மாறியது, கணக்கு பொய்த்தது, எண் மட்டும் நம்மோடு தங்கிவிட்டது. அந்த ஷெல்டனே அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பிலிருந்த நல்ல சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு தன்னுடைய தரம் குறைந்தவற்றை அங்கே வைத்திருந்தார் என்பது அவர் இறந்த பிறகு வெளிவந்தது. மோசடி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அந்த வரலாற்றைப் படிக்கலாம். எங்கள் பெரியவரிடம் அதைத் தேட வேண்டாம்.

அவரிடம்தான் நான் நாணயம் பார்க்கக் கற்றேன். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே ஒரு குண்டு பல்பின் கீழ் நாணயத்தின் விளிம்பைப் பிடித்து மெல்லச் சாய்க்கச் சொல்வார். அச்சடிக்கும் அழுத்தத்தில் உலோகம் ஓடிய நுண்ணிய கோடுகளில் பட்டு ஒளி சக்கரம்போல் சுழல வேண்டும். உருவத்தின் மேடான இடத்தில் அந்தச் சுழற்சி அறுந்தால், அது தேய்மானமா, அச்சு சரியாகப் பதியாததா என்று கேட்பார். நான் பதில் சொல்லும்வரை தன் கருத்தைச் சொல்லமாட்டார். லேபிளைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் எந்த ஸ்லாபையும் என்னிடம் நீட்டுவார். லேசாக உராய்ந்ததால் எம்எஸ்ஸுக்கு ஒரு படி கீழே நிற்கும் ஏயூ 58 ஒன்று, பைக்குள் மற்ற நாணயங்களோடு மோதி முகமெல்லாம் தழும்பேறிய எம்எஸ் 61ஐவிட அழகாக இருக்கலாம் என்பதை அப்படித்தான் புரிந்துகொண்டேன். இன்று அவரைப் பற்றிப் பேசும் பலர் அந்த நாணயத்தை நேரில் பார்த்ததுகூட இல்லை. புகைப்படத்தில் லஸ்டர் தெரிந்துவிடுமாம்!

“நீ அவருடைய சீடன், அப்படித்தான் பேசுவாய்” என்பீர்கள். ஆம், சீடன்தான். அதனால் நான் சொல்வது பொய்யாகிவிடுமா?

“கிரேடிங் இல்லாவிட்டால் போலிகள் பெருகிவிடும்” என்று இன்னொருவர் எனக்குப் பாடம் எடுத்தார். போலியைக் கண்டுபிடிப்பது வேறு, 64க்கும் 65க்கும் கோடு கிழிப்பது வேறு. ஏஎன்ஏசிஎஸ் என்ற அமெரிக்க நாணயச் சான்றளிப்பு அமைப்பு 1972இல் தொடங்கியபோது அசலா போலியா என்று மட்டுமே சான்றளித்தது. எண் தரத் தொடங்கியது 1979இல்தான். முதல் வேலைக்கு நான் இரு கை கூப்புகிறேன். இரண்டாவது வேலையையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை வேதவாக்காக்காதீர்கள் என்கிறேன். பிசிஜிஎஸ் 1986இலும் என்ஜிசி 1987இலும் கிரேடிங் நிறுவனங்களாக வந்து எண்ணை உறைக்குள் வைத்து மூடிய பிறகும் ஐயம் தீரவில்லை என்பதால்தானே, அந்த எண்ணுக்கு நாணயம் தகுதியானதுதான் என்று அதே உறைமேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டுவதற்கென்று 2007இல் சிஏசி என்ற நிறுவனம் வந்தது? ஒரே எண்ணுள்ள இரண்டு நாணயங்கள் ஒரே தரமல்ல என்பது சந்தைக்கே தெரியும்.

என் நாணயம் ஒன்றை ஒரு நிறுவனம் ‘துலக்கப்பட்டது’ என்று, அதாவது தேய்த்துச் சுத்தம் செய்து கெடுக்கப்பட்டது என்று, எழுதி எண்ணே தராமல் திருப்பியது. அதையே பின்னர் மறுபடி அனுப்பியபோது, எந்தக் குறிப்பும் இல்லாமல் நல்ல எண்ணோடு வந்தது. அதை எனக்கு விற்றவரை முதல் முறை நான் திட்டவில்லை. இரண்டாம் முறை மாலை போடவும் இல்லை.

“65இன் விலைக்கு விற்றாரே” என்பதுதான் எல்லோரும் கையில் எடுக்கும் கடைசி ஆயுதம். அந்த எண்ணை அச்சிட்டது அவரா? உறை பழுதில்லாமல் இருந்தவரை அந்த எண்ணுக்கு அந்த நிறுவனத்தின் உத்தரவாதம் இருந்தது. உடைத்த நொடியில் அது போய்விட்டது. உடைத்தவர் பெரியவர் அல்லர். இப்படி உறையை உடைத்து மறுபடி அனுப்பும் கிராக் அவுட் என்பது தெரிந்தே ஆடும் சூதாட்டம். 66 வந்திருந்தால் கூடுதல் விலையில் பாதியைக் கொண்டுபோய்ப் பெரியவரிடம் கொடுத்திருப்பாரா? தன் கண்தான் கூர்மை என்று நமக்கெல்லாம் வகுப்பு எடுத்திருப்பார்.

இத்தனைக்கும், கொடுத்த பணத்தை முழுமையாகத் தந்து நாணயத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று பெரியவர் சொல்லிவிட்டார். உடைத்ததற்கான காரணத்தைக்கூடக் கேட்கவில்லை. வாங்கியவர் திருப்பித் தரவில்லை. அவ்வளவு கேவலமான நாணயத்தை ஏன் இன்னும் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறார்? அந்த 64 உறையையும் உடைத்து, வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டாராம். 65 வந்தால் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்பாரா என்று, அவரோடு இன்னும் பேசுகிறவர்கள் யாராவது கேட்டுச் சொல்லுங்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.