தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் வண்டி சூடாகாதா?

"நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு? பழைய சுமோ, பொலிரோ வைத்திருப்பவர்கள் கழற்றிப் போட்டுவிடுங்கள், இன்ஜின் சூடே ஆகாது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு. தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடானதும் திறந்து, கூலன்டை, அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்மத்தை, ரேடியேட்டருக்கு விடும் வால்வு. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும், கூலன்ட் 80, 90 டிகிரியில் இருந்தால்தான் டீசல் இன்ஜின் ஒழுங்காக ஓடும். அதற்குக் கீழேயே ஓடிக்கொண்டிருந்தால் டீசல் அதிகம் குடிக்கும், சிலிண்டரும் சீக்கிரம் தேயும். அப்புறம் இன்னொன்று. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். கழற்றிவிட்டால் அந்த வழி திறந்தே கிடக்கும். கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். அதாவது, மேட்டில் ஏறும்போது சூடு கூடத்தான் செய்யும்.

வண்டி சூடாகிறது, தெர்மோஸ்டாட் மேல் சந்தேகம் என்றால் வீட்டிலேயே சோதிக்கலாம். இன்ஜின் நன்றாக ஆறட்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, சமையலுக்கு எடுக்காத பழைய பாத்திரத்தில் நீர் ஊற்றி, அடியில் படாமல் கம்பியில் தொங்கவிட்டுச் சூடேற்றுங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது, 100 டிகிரி வரை காட்டுவது வேண்டும். தெர்மோஸ்டாட்டில் 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டையொட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். நீர் கொதித்தும் திறக்கவில்லையா? புதிது வாங்கிப் போடுங்கள், கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டோடு சேர்த்து. சரியாகத் திறந்தால் ரேடியேட்டர் அடைப்பையும் வாட்டர் பம்பையும் பாருங்கள்.